படத்தில் அம்மா தெரியக்கூடாது

"கைய உள்ள இழுத்துக்கோ ராணி. விரல் தெரியுது," என்றான் டென்னிஸ்.

கிருபாராணி விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வை. அதற்குள் அவள். அவள் மடியில், போர்வைக்கு வெளியே, ஐந்து மாத ஹெப்சிபா.

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும், வேறு யாரும் தெரியக்கூடாது. கழுத்தே இப்போதுதான் நின்றிருக்கிற பிள்ளையை யாரும் பிடிக்காமல் எப்படி உட்கார வைப்பது என்று இந்த விதியை எழுதியவனுக்கு என்ன கவலை? நேற்றுக் கடையில் எடுக்கப் போனபோது ஹெப்சிபா போட்ட கூச்சலில் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

போர்வை யோசனை டென்னிஸுடையது.

அவனுக்குப் பழைய படங்கள் சேர்க்கிற கிறுக்கு. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், வாரச்சந்தை கூடுகிற ஒரு சின்ன ஊரில், ஒரே ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்ததாம். அங்கே எடுத்த படங்கள் ஆன்லைனில் எந்த மூலையில் ஏலத்துக்கு வந்தாலும் விடமாட்டான். அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிற இந்த வீட்டின் ஆபீஸ் ரூம் சுவர் முழுக்க முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள். அந்தக் குழந்தைகள் எந்த வருஷம் என்ன கவுன் போட்டிருந்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சொந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிக்குப் பால் என்று கேட்டால் ராணியைக் கூப்பிடுவான்.

சர்ச்சிலிருந்து வந்ததும் அதில் ஒரு படத்தைக் கழற்றி எடுத்துவந்து காட்டினான். ஒரு குழந்தை. அதன் பின்னால் திரைச்சீலை போர்த்திய நாற்காலி.

"அது சேர் இல்ல, அவங்க அம்மா. அப்பல்லாம் ஒரு போட்டோக்குப் பத்து செகண்ட் ஆடாம இருக்கணும். அதான் அம்மாவ மூடி உக்கார வெச்சு, பிள்ளைய கெட்டியா பிடிச்சுக்கச் சொல்லிருவாங்க. செம ஐடியால்ல?"

கிருபாராணி அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். குழந்தையின் பெயர் மையில் எழுதியிருந்தது. ஸ்டுடியோக்காரன் பெயர் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. மூடிக் கிடந்தவளின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பேத்தியைப் பார்க்க வந்திருக்கிற டென்னிஸின் அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி நாகர்கோவிலுக்குத் திரும்புகிறார்கள். ஹெப்சிபாவும் அவர்களோடு போகிறாள்.

ஒரே ஒரு வருஷம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டேகேரில் இடம் கிடைக்க அவ்வளவு நாளாகும். கிருபாராணியின் பிரசவ லீவு முடிந்துவிட்டது. வேலையை விடலாம் என்றால், கிரீன் கார்டு அவள் கம்பெனி மூலமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சர்ச்சிலேயே மூன்று பேர் பிள்ளையை ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்றார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலுக்காக அன்றிலிருந்து தினமும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க நாளைக்குப் போஸ்ட் ஆபீஸில் அப்பாயின்ட்மென்ட். இன்று படம் வரவில்லை என்றால் அது போய்விடும். இருபத்திரண்டுக்குள் பாஸ்போர்ட் வராது.

முதல் படத்தில் குழந்தையின் தலை சாய்ந்திருந்தது. இரண்டாவதில் முகம் திரும்பியிருந்தது. பன்னிரண்டாவதும் அப்படித்தான்.

"என்ன இவ, இப்படி ஆடிக்கிட்டே இருக்கா?" என்று டென்னிஸ் அலுத்துக்கொண்டான்.

பிள்ளை ஆடவில்லை. அவன் 'ரெடி' சொல்லும்போதெல்லாம் போர்வைக்குள் முழங்காலை லேசாக ஆட்டியது கிருபாராணிதான்.

உள்ளே வியர்த்துக் கொட்டியது. அனுப்பமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லாமல் முழங்காலால் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆட்டினாள்.

ஜன்னல் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. டென்னிஸ் பொறுமை இழந்தான்.

"நீ வெளிய வா. நான் பிடிச்சுக்கறேன், நீ எடு."

இது இன்னும் சுலபம் என்று நினைத்துக்கொண்டாள். போர்வைக்குள் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. இருட்டும் வரை கோணலாக எடுத்துத் தள்ளலாம்.

டென்னிஸ் போர்வைக்குள் போனான். அவன் மடியில் ஹெப்சிபா திருதிருவென்று விழித்தாள். உதடு பிதுங்கியது.

அழட்டும், நன்றாக அழட்டும். கிருபாராணி போனை உயர்த்தினாள்.

ஹெப்சிபா அழவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டாள்.

அரைமணி நேரமாகக் காணாமல் போயிருந்தவள் எதிரே வந்து நிற்கிறாள். பிதுங்கிய உதடு மூடிக்கொண்டது. கண்ணை முழுசாகத் திறந்து, துளியும் ஆடாமல், பிள்ளை அவளையே பார்த்தது. பிறந்ததிலிருந்து அது இத்தனை நேராக யாரையும் பார்த்ததில்லை.

என் தங்கமே என்று உருகிப்போனாள். விரல் அமுக்கிவிட்டது.

ஒரே படம். நிழல் இல்லை, சாய்வு இல்லை. எந்த ஆபீசரும் குறை சொல்ல முடியாது.

"வந்துச்சா?" என்று போர்வைக்குள்ளிருந்து டென்னிஸ் கேட்டான்.

அழித்துவிடலாம். ஒரு தட்டுத் தட்டினால் போதும். விரல் அதுவரைக்கும் போனது. போனுக்குள்ளிருந்து பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சு," என்றாள் கிருபாராணி.