அம்மா வேஷம்

சாவுச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தர, ஆஸ்பத்திரியோடு மல்லுக்கட்டி ஒப்பந்தம் போட்டவர் பல்கலைக்கழகத்தின் களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளர்தான். அன்றைக்கு அம்மா வேஷம் போட வேண்டிய நடிகை வரவில்லை. அந்த அம்மாவாக ஒருங்கிணைப்பாளரே வந்து நின்றார்.

டாக்டராக நடிக்க வேண்டிய மாணவி, கையெழுத்து வாங்கும் தாளை எடுத்து நீட்டினாள். மேடம் ரொம்பக் கறார்.

"உங்க பையன் இறந்துட்டாரு. இதுல கையெழுத்துப் போடுங்க" என்று ஒப்பித்தாள்.

"நிக்க வச்சுத்தான் சொல்லுவியா? மறுபடி சொல்லு."

இரண்டாம் முறை தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"என் மூஞ்சியைப் பாரு. மறுபடி."

இம்முறை மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். எதிரே அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவோ பாத்தோம்மா. உங்க பையனைக் காப்பாத்த முடியல."

சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அப்படியே இருந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் உடைந்து அழுதார். வகுப்பே கை தட்டியது.

"அப்படியே நிஜம் மாதிரி நடிச்சீங்க மேடம்" என்றாள் மாணவி.

அவர் மாணவியின் கையை விடவில்லை.

"என் பையன் போனப்போ வராந்தாவுல நிக்க வச்சு, கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா. எனக்கு அழக்கூடத் தோணல. உட்கார வச்சு ஒருத்தர் சொன்னது இன்னிக்குத்தான்."