அரசாணிக்கால் ராக்கெட்

"அரசாணிக்கால புடுங்கிக்கினு போயா ராக்கெட்டு செய்வே? நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?"

கொல்லையில் நின்று ஆண்டாளம்மாள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கிணற்றடியில் புது மருமகள் பாஞ்சாலி கண்கலங்கி நின்றாள். மகனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மணவறையில் அரசாணிக்காலாகக் கட்டிய கல்யாண முருங்கைக் கிளையைக் கொல்லையில் நட்டு, மேலிருந்து கீழ்வரை மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் குழிதான் இருந்தது.

அவள் புருஷன் ஏகாம்பரம் பம்புசெட் மெக்கானிக். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பிய செய்தியை ரேடியோவில் கேட்ட நாள் முதல் மனுஷனுக்கு அதே கிறுக்கு. முழ நீளத்தில் ராக்கெட் செய்து, ஏரி வற்றியதும் நடுவில் போய் நின்று பற்றவைப்பார். அதற்காக வீட்டில் வாங்காத திட்டு இல்லை.

"இன்னாடி பண்றது? றெக்கைக்கு பால்சா கட்டைதான் லேசு. கப்பல்ல வர்ற சாமான். மெட்ராஸ் கடையில வெல டபுளாயிடுச்சு. கல்யாண முருங்கையும் லேசான மரந்தானே, எட்த்துக்கினேன்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"நாளைக்கி வெள்ளிக்கெயமை, துணிய அவுத்துத் துளுத்துக்கீதான்னு பாக்கலாம்னு இருந்தேனே! எதிர்வூட்டுல கால் பட்டுப்போச்சுன்னு, வந்த பொண்ண ராசி கெட்டவன்னு அம்மா வூட்டுக்கே தொரத்திட்டாங்க. இவ ராசிய நான் எப்டிப் பாக்கறது?"

"ஏரிக்கரையில கெளையா இல்ல? நல்லதா ஒண்ணு வெட்டியாந்து நானே நட்டுடறேன், வுடு."

"உங்கிட்ட வாக்கப்பட்டு நான் பட்டது போதாதா? இந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு?"

ஆண்டாளம்மாள் முதல்முறையாக மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, முணுமுணுத்தபடி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

பாஞ்சாலிக்கு மனசு ஆறவில்லை. பிறந்த வீட்டில் அப்பா தேடித் தேடி வெட்டிக் கொடுத்த கிளை அது. மாமனார் பின்னாலேயே பட்டறைக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"மாமா, உங்க வெளையாட்டுக்கு என் கண்ணாலக் கால்தானா கெடச்சுது? மிச்சம் இருந்தா குடுங்க. நானே நட்டுக்கறேன்."

"வாணாம்மா. எல்லாம் செதுக்கியாச்சு. நீ உள்ள போ."

இவரைப் போய் நல்ல மனிதர் என்று நினைத்தோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூலையில் எதையோ மூடியிருந்த சாக்கை விருட்டென்று இழுத்தாள்.

கிளை முழுசாகக் கிடந்தது. உளி படவில்லை. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். துளிப் பச்சை இல்லை. உள்ளே கறுத்துச் செத்திருந்தது. பக்கத்தில், மெட்ராஸ் கடைக் காகிதம்கூடப் பிரிக்காமல் ஒரு கட்டு பால்சா.

"நேத்தே பாத்துட்டேம்மா" என்றார் ஏகாம்பரம், மெல்லிய குரலில். "சாக்கப் போட்டு மூடு, உன் மாமியா வந்துடப் போறா."