பகலில் திறக்காத கதவு

"கதவைத் திறடா டிபுர்சியோ, விறைச்சுச் சாகறேன்!"

ஹவானா துறைமுகத்து ஐஸ் கிடங்குக்குள்ளிருந்து குரல் வந்தது. வெளியே உச்சி வெயில். காவல்காரன் டிபுர்சியோ நிதானமாகச் சுருட்டைப் பற்றவைத்தான்.

"பொழுது சாயட்டும், ஃபெர்மின். குளுகுளுன்னு தூங்கலாம்னு உள்ள பூந்தேல்ல? அனுபவி."

"ஃபெர்மின் இல்லடா, உன் முதலாளி! நீ சாப்பிடப் போனப்ப ஐஸைப் பார்க்க வந்தேன். நான் இருக்கறது தெரியாம பூட்டிட்ட!"

"அடேயப்பா, அதே குரல்! போன வாரமும் அவர் மாதிரியே கத்தின. நம்பித் திறந்தேன். அனல் புகுந்து ஐஸ் உருகிப்போச்சு. 'இனிமே நானே கத்தினாலும் பகல்ல திறந்தா உன் வேலை போச்சு'ன்னுட்டார்."

"அதைச் சொன்னவனே நான்தான்டா!"

"அவர் சொன்னது ஊருக்கே தெரியும்."

அப்போது தெருமுனையிலிருந்து, கரும்புச்சாற்றை உறிஞ்சியபடி, ஐஸ் வெட்டும் ஃபெர்மின் வந்தான். "யாரோட சண்டை, அண்ணே?"

டிபுர்சியோவுக்கு வியர்த்துக் கொட்டியது. பாய்ந்துபோய்ச் சாவியைப் பூட்டில் நுழைத்தான்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்! இந்த நிமிஷமே!" என்று உள்ளிருந்து அலறல் வந்தது.

டிபுர்சியோ சாவியை மெதுவாக வெளியே உருவினான்.

"வேலையில இல்லாதவன் கதவைத் தொட்டா திருட்டுங்க, முதலாளி. புதுசா சேர்த்துக்கிறீங்களா? முதல்ல சம்பளத்தைப் பேசிடுவோம்."