நாலு பைட் தள்ளி

"ஒரே ஒரு வரிக்காக லாரியை நிறுத்தி வைக்கச் சொல்லுவாளா ஒருத்தி?"

பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பும் கைஸ் சத்தமாகவே கேட்டான். ஸிவார் காதிலும் விழட்டும் என்றுதான்.

ஜோர்டானின் அம்மான் நகரத்தில் இருக்கும் அந்தச் சின்ன நிறுவனம், பச்சைக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவி செய்கிறது. குழந்தை மூச்சு விட மறந்தால் கருவி கத்தும். பன்னிரண்டு கருவிகள் பெட்டிக்குள் போய், ஒட்டியும் ஆகிவிட்டது. இர்பித், கரக், அகபா ஆஸ்பத்திரிகளுக்குச் சாயங்காலம் லாரி கிளம்ப வேண்டும். புரோகிராம் எழுதிய ஸிவார் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்கிறாள்.

முதலாளி அபூ ரகத் டீ கிளாஸோடு வந்தார்.

"என்ன மகளே, இன்னிக்கு என்ன பிடிவாதம்?"

"புரோகிராம்ல மூச்சைக் கணக்குப் போடுற துண்டு, அந்த ஃபங்ஷன் இருக்கே, அதுக்கு வர்ற தகவல் மெமரியில பதினாறோட மடங்குல வர்ற இடத்துலதான் ஆரம்பிக்கணும். தள்ளி ஆரம்பிச்சா கருவி அப்படியே படுத்துடும்."

"அதுக்குத்தான் உள்ளே நுழையறப்பவே நேராக்கி வைக்கிற மாதிரி எழுதியிருக்கேன்னு சொன்னியே?"

"எழுதினேன். வாசல்ல ஒரு ஆளை நிறுத்தின மாதிரி. ஆனா வேகமா ஓடணும்னு, நான் எழுதுறதைக் கருவிக்குப் புரியுற மாதிரி மாத்துற கம்பைலரை நீங்க முடுக்கி விட்டீங்க. அது என் ஃபங்ஷனைத் தனியா விடாம, கூப்பிடுற இடத்துலயே பிரிச்சுக் கலந்துடுச்சு. தகவல் நேராத்தான் வரும்னு அதுவா நம்பிக்கிச்சு. வாசலும் போச்சு, வாசல்ல நின்ன ஆளும் போயாச்சு."

"ஏன், கோணலாவா வருது?"

"சென்சார் வெளியில வாங்கினது. எப்பவாவது நாலு பைட் தள்ளி வந்து உக்காரும்."

"எப்பவாவதுன்னா?"

"இத்தனை நாள் சோதனையில ஒரே ஒரு தடவை. கருவி அணைஞ்சு, தானா திரும்ப எழுந்துச்சு. அரை நிமிஷம்."

கைஸ் சிரித்துவிட்டான். "அரை நிமிஷமா! எங்க வீட்டு டிவி எழுந்திருக்கவே அதுக்கு மேல ஆகும்."

"உங்க வீட்டு டிவி லேட்டா எழுந்தா யாரும் நீலம் பாரிக்க மாட்டாங்க, கைஸ்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இந்த ஃபங்ஷனை மட்டும் கலக்காதேன்னு ஒரு வரி போடணும். பன்னிரண்டுலயும் திரும்ப ஏத்தணும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்" என்றாள் ஸிவார்.

"வேகத்தைச் சொல்லித்தானே வித்திருக்கேன்? ஒரே ஒரு தடவை நடந்ததுக்கு ஒட்டின பெட்டியை எல்லாம் உடைக்க முடியாது. நீ கையெழுத்துப் போடாட்டி நான் போடுறேன்."

போட்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

மதியம் கைஸ் சாப்பிடப் போயிருந்தான். ஸிவார் கிடங்கில், சுவரோரம் வரிசையாக நின்ற பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அபூ ரகத் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த வரியைச் சேர்த்து, இர்பித் போறதுல மட்டும் ஏத்திக் குடு."

"மத்த ஊருக்கு?"

"கேட்டதைச் செய், மகளே."

"இர்பித்ல யாரு?"

அவர் காலிக் கிளாஸைப் பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தார்.

"என் பொண்ணு ரகத். எட்டு மாசத்துலயே வலி வந்துடுச்சு. அங்கேதான் சேர்த்திருக்காங்க. இப்பத்தான் மாப்பிள்ளை போன் பண்ணினான்."

ஸிவார் பெட்டி வரிசையைக் கைகாட்டினாள்.

"இதுல எது இர்பித்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாம் ஒரே மாதிரி பெட்டி. லாரியில ஏத்துறப்பதானே கைஸ் ஊர் பிரிப்பான்."

"அவனைக் கேளு."

"கேட்டா, ஏன்னு கேப்பான். சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம்."

அபூ ரகத் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பெட்டிகளைப் பார்த்தார். எல்லாம் பழுப்பு அட்டை. ஒன்றிலும் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

"எல்லாத்துலயும் ஏத்தினா?"

"அப்ப பேரப்பிள்ளைக்கு எது போனாலும் பயமில்ல."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏத்து. லாரிக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் காலடிச் சத்தம் மாடிப்படியில் தேயும்வரை ஸிவார் காத்திருந்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு முதல் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில், காலையில் அவளே கொட்டை எழுத்தில் எழுதியது தெரிந்தது: 'கரக்.'