அட்டையில் அய்யா

உடற்பயிற்சிக்கூட உரிமையாளர்களின் வருடாந்திர மாநாட்டில் வெயிலுமுத்துவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று ஜிம் நடத்தும் இசக்கிராஜைப் பெற்றவர் என்ற மரியாதை. இறங்கி மகனின் ஸ்டாலுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். செத்துப்போன அவருடைய தகப்பனார், அய்யா, ஆளுயர அட்டையில், வெற்றுடம்பும் சரிந்த தொந்தியுமாக நின்றிருந்தார். காலடியில் 'முன்பு' என்று போட்டிருந்தது. பக்கத்தில் 'பின்பு' என்று வயிற்றை எக்கியபடி இசக்கிராஜின் படம். இரண்டு பேர் அய்யாவின் தொந்தியைத் தட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு வரிசை காத்து நின்றது.

"யாரக் கேட்டுல எங்கய்யாவ இங்க நிறுத்துன?"

"விளம்பரம்ப்பா. வெளம்பரக்காரங்க ஒங்க படத்தத்தான் கேட்டாங்க. நாந்தான் பாவம்னு விட்டேன்."

வெயிலுமுத்து பொன்னாடையைக் கழற்றி அய்யாவின் வயிற்றை மறைத்துக் கட்டினார். பிறகு அட்டையைத் தூக்கினார். செத்த அன்றைக்கு அய்யாவைச் சுடுகாடு சேர்க்க எட்டுப் பேர் தோள் மாற்ற வேண்டியிருந்தது. இன்று ஒற்றைக் கையில் வந்துவிட்டார். அதுதான் வெயிலுமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அட்டையைப் படுக்கைவாட்டில் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பினார்.

"அய்யா சாவுல நெய்ப்பந்தம் பிடிச்ச பேரந்தானல நீ. வந்து கால்மாட்டப் பிடி."

செல்ஃபிக்கு நின்ற வரிசை தானாக விலகி வழிவிட்டது. இசக்கிராஜ் கழுத்தில் தொங்கிய மாநாட்டு அடையாள அட்டையைத் திருகிக்கொண்டு நின்றான்.