போட்டு வாறன்

லவன் எழுதிய நிரல் இருநூறு வரிகூட வராது. வெள்ளவத்தை அலுவலகத்தின் சேர்வரில், கிளினிக்குகளின் நோயாளர் பதிவுகள் பூட்டிய டிஸ்கில் இருக்கின்றன. அதைத் திறக்கும் சாவியை, சேர்வரை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. தேவைப்படும்போது லவனின் நிரலைக் கூப்பிடும். அது சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, நடப்பதையெல்லாம் பதியும் லொக் கோப்பில் ஒரு வரி எழுதி முடிந்துவிடும். ஆறு வருடங்களில் ஒருமுறைகூடப் பிந்தியதில்லை. இவ்வளவு அழகாக இன்னொருவர் எழுதி, அவனோடு வேலைசெய்த யதுஷா கண்டதில்லை.

அந்த வரி ‘போட்டு வாறன்’ என்றிருக்கும்.

“முடிஞ்சுது எண்டு எழுதினால் போதாதோ?” என்று ஒருநாள் கேட்டாள்.

“வெளிக்கிடேக்க ஆரும் போறன் எண்டு சொல்லுவினமோ? போயிட்டு வாறன் எண்டுதானே சொல்லுறது.” என்றான் லவன்.

அவன் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி போன கிழமைதான் முடிந்தது.

இன்று காலை, நிருவாகம் சொன்னபடி, மனமில்லாமல் அந்த நிரலை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டாள். சேர்வரைத் திரும்ப இயக்கிய பிறகுதான், புதிய நிரல் இருக்கும் இடத்தைக் கெர்னலுக்குச் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது. அது பழைய இடத்தில்தான் போய்க் கேட்டிருக்கும். அங்கே ஒன்றுமில்லை.

கல்கிசைக் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் ரூபிகாவிடமிருந்து போன் கோல் வந்தது. பதிவுகள் திறக்கவில்லை என்று சொல்லத்தான் என்று யதுஷா நினைத்தாள்.

“எல்லாம் திறந்திட்டுது அக்கா. முந்தியைவிடக் கெதியா, தட்டின உடனயே.”

யதுஷா பழைய இடத்தைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. லொக் கோப்பைத் திறந்தாள். லவனின் இருநூறு வரிகளில் எங்குமே இல்லாத ஒரு சொல் கடைசியில் இருந்தது.

‘வந்திட்டன்.’