சுவரைத் தாண்டிய ஒயர்

"பாத்தியா எங்க அண்ணன் லட்சணத்தை? கூடப் பிறந்தவன் வீட்டுலயே கரண்ட் திருடியிருக்கார்!"

சமையலறையில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி கத்தினான் இளையவன்.

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம். அப்பா படுத்திருக்கும் அறையில் பழைய சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றியிருந்தார் எலக்ட்ரீஷியன். உள்ளே கறுத்துப்போன ஒயர்களுக்கு நடுவே புத்தம்புதிதாய் ஒரு ஜோடி ஒயர். சுவரில் துளை போட்டு நேராக அடுத்த பக்கம் போயிருந்தது.

அடுத்த பக்கம் அண்ணன் வீடு. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க சார்," என்றார் எலக்ட்ரீஷியன். "மொதல்ல வேலையைப் பேசி முடிச்சிடலாம். வீடு பூரா ஒயர் மாத்தணும். கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனி லைன். எர்த் பேருக்குத்தான் இருக்கு. சுவருக்குள்ள இருக்கிற வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான் நீங்க கேட்ட சீலிங், கலர் லைட்டு, பெயின்ட் எல்லாம். அப்புறம், இன்வெர்ட்டர் கட்டாயம் வேணும். பெரியவர் ஆக்சிஜன் மெஷின்ல இருக்காரே."

"ஒயரை மாத்திடுங்க. சீலிங்கும் இப்பவே வேணும். இன்வெர்ட்டரை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கரண்ட் போனாக்கூட அப்பா மெஷின் நிக்கிறதில்லை. உள்ளேயே பேட்டரி வெச்சிருப்பான்."

எலக்ட்ரீஷியன் குனிந்து மெஷினைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இளையவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

அண்ணன் வேலைக்குக் கிளம்பி, வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு ஒயருக்கு உங்க வீட்டுல என்ன வேலை?"

அண்ணனின் கை அப்படியே நின்றது. "அதை வெட்டிட்டியா?"

"இனிமேதான்."

"வெட்டாதே."

"ஏன்? ஓசி கரண்ட் போயிடுமா?"

"என்ன வேணாலும் சொல்லிக்கோ. அதை மட்டும் தொடாதே."

"காரணத்தைச் சொல்லுங்க."

"சொன்னா கண்டிப்பா வெட்டிடுவே."

அண்ணன் வேலைக்குப் போகவில்லை. துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

இளையவன் திரும்பி வந்தான். "வெட்டுங்க."

"மெயினை ஆஃப் பண்ணாம கை வைக்க மாட்டேன் சார்."

இளையவன் அவசரத்துக்கென்று வைத்திருந்த சிறிய சிலிண்டரை அப்பாவின் தலைமாட்டுக்கு உருட்டி வந்தான். மாட்டுவதற்குத் தயாராகக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

"ம், ஆஃப் பண்ணுங்க."

ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஃபிரிட்ஜ் அடங்கியது. வீடே கப்சிப்.

மெஷின் மட்டும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்பா அசையாமல் தூங்கினார்.

"நான்தான் சொன்னேனே, பேட்டரின்னு."

"இந்த மாடல்ல பேட்டரியே கிடையாது சார். அப்பவே சொல்ல வந்தேன்." எலக்ட்ரீஷியன் அந்தப் புது ஒயரில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "இது உங்க வீட்டுலேர்ந்து போகலை. அங்கேர்ந்து வருது. மெஷின் இதுலதான் ஓடுது."

அறை வாசலுக்கு வந்து நின்ற மனைவியைப் பார்த்தான் இளையவன். அவள் தலை குனியவில்லை.

"மழையப்போ நீங்க வெளியூர் போயிருந்தீங்களே, அன்னிக்குக் கரண்ட் போயிடுச்சு. சிலிண்டரும் காலி. மாமாவுக்கு உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. எனக்கு வேற யாரு இருக்கா? இந்தச் சுவரைத்தான் தட்டினேன். உங்க அண்ணன்தான் ஓடிப்போய் வேற சிலிண்டர் கொண்டாந்தார். நீங்க திரும்பி வர்றதுக்குள்ள இன்வெர்ட்டரும் வாங்கி, லைன் போட்டுக் கொடுத்துட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவர் கொடுத்தனுப்பின மருந்தையே திருப்பி அனுப்பின ஆளு நீங்க. இதையும் பிடுங்கிப் போட்டிருப்பீங்க. நான்தான் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்." அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "இப்பவும் வெட்டறதுன்னா வெட்டுங்க. திரும்பப் போய்த் தட்டுவேன்."

இளையவன் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தான். மறுபடி தெருவில் இறங்கினான்.

அண்ணன் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். அவரைத் தாண்டி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். அடுப்படியில் இருந்த அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இன்வெர்ட்டர் எங்கே இருக்கு அண்ணி?"

அவள் மூலையைக் காட்டினாள். அதிலிருந்து கிளம்பியது ஒரே ஒரு லைன்தான். அது நேராகச் சுவருக்குள் போய் மறைந்தது. இளையவன் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தான்.

"உங்க வீட்டு லைட்டு, ஃபேனுக்கெல்லாம் லைன் எங்கே?"

அண்ணி வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களுக்குக் கொடுத்தா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடும்னு ஒரு பல்பு கூட அதுல மாட்ட விடலை தம்பி. கரண்ட் போச்சுன்னா, இருட்டுல உங்க அண்ணன் சுவர்ல காதை வெச்சுக்கிட்டு, மாமாவோட மெஷின் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே நிப்பார்."